பாடைச்சுழி மயிலை

கொளிஞ்சிப்பாளையத்துச் சந்தைப்பேட்டையில் விற்பனைக்கு நின்றிருந்த பழைய கார்களுக்கெல்லாம் ஓர் ஐப்பசி மழை விட்ட காலையில் முடி முளைத்திருந்தது. கன்றுக்குட்டிக்கு இருக்குமே, அந்த மாதிரிக் குட்டை முடி. பானட்டிலும் கூரையிலும் கதவிலும் டிக்கியிலும் படர்ந்து, கண்ணாடியையும் டயரையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தகரம் லேசாகச் சிலிர்த்து ஈயை விரட்டியது. தரகர்கள் வந்தார்கள், தடவிப் பார்த்தார்கள், டீ சொன்னார்கள், பிறகு அவரவர் வண்டிப் பக்கத்தில் நின்று வியாபாரத்தைப் பார்த்தார்கள்.

ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அது மாட்டுச் சந்தை. உழவுக்கு டிராக்டர் வந்து, மாடு குறைந்து, மாடு கட்டிய முளைக்குச்சிகளுக்கு நடுவிலேயே பழைய கார்கள் வந்து நின்றபோது சரக்குதான் மாறியது, தரகர்கள் மாறவில்லை. அதே தோள் துண்டு, அதே வெற்றிலைப் பை, துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற அதே பழக்கம். பல்லைப் பிடித்துப் பார்த்த கை கதவைத் திறந்து பார்த்தது, தொடையைத் தட்டிய கை டயரைத் தட்டியது, அவ்வளவுதான் வித்தியாசம். பட்டணத்திலிருந்து வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் இது எப்படி, ஏன் என்று பேட்டை முழுக்கக் கேட்டுக்கொண்டு அலைந்தார். "அத்தன தலமொற மாடு நின்ன மண்ணுங்க. இங்க மொளச்சா முடிதான மொளைக்கும்?" என்று டீக்கடைக்காரர் திருப்பிக் கேட்டதும் அவர் போண்டாவைத் தின்றுவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தார்.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. வாட்டர் சர்வீஸ்காரர்கள் ஷாம்பூவை விட்டுவிட்டுத் தேங்காய்நார் வாங்கி வைத்தார்கள். வண்டிக்கு உண்ணி பிடித்தால் வேப்பெண்ணெய் தடவினார்கள். பங்குனி வெயிலில் முடி கொட்டியபோது அதைத் தலையணைக்கு வாங்கிப்போக ஆள் வந்தது, மிச்சத்தைக் காக்கைகள் கூட்டுக்குக் கொண்டுபோயின. சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்று கார் நிறம் சொன்ன காலம் போய், மாட்டுக்குச் சொல்வது போலச் செவலை, காரி, மயிலை என்று சொல்லத் தொடங்கினார்கள். பட்டிப் பொங்கலுக்கு வண்டிகளுக்கும் சேர்த்துத் தெப்பக்குளம் கட்டி, மாடுகளைப் போலவே அதைத் தாண்ட விட்டார்கள். கிலோமீட்டர் ஓடிய கணக்கைப் பின்னால் திருப்பி, கிழட்டு வண்டியைக் குமரியாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த மீட்டர் கடைக்காரர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் பிழைப்பு கெட்டது. அவர்களும் சும்மா இருக்கவில்லை. முடி என்று ஒன்று வந்தால் சுழி என்று ஒன்று வராமல் இருக்குமா? சுழி வந்துவிட்ட பிறகு மீட்டரை எவன் பார்க்கிறான்? இஸ்திரிப்பெட்டியைச் சூடு பண்ணி, ஈரத்துணியை மேலே போட்டு, கெட்ட சுழியை நல்ல சுழியாகப் படிய வைக்கிற தொழிலுக்கு அவர்கள் மாறிக்கொண்டார்கள்.

சுழி பார்ப்பதில் ஜில்லாவுக்கே பெரிய கை பொங்கியண்ணன். எழுபது வயது, கட்டை மீசை, பேச்சில் கறார். காளை வாங்க வருகிறவன் அவர் வாயைப் பார்த்து நிற்பான். அவர் விரிசுழி என்றால் வாங்குவான், துடைப்பச்சுழி என்றால் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவான். மாட்டுச் சந்தை அற்றுப்போனதில் அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் இருந்தது. இப்போது மறுபடியும் அவருக்கு யோகம் அடித்தது. பானட்டைத் தூக்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் பானட்டின் மேலே பார்த்தால் போதும் என்றானார்கள். கூரையில் ஏறுபூரான் சுழி இருந்தால் குடும்பம் ஏறும், இறங்குபூரான் இருந்தால் இறங்கும், முன்னால் ராஜசுழி இருந்தால் வண்டி வாங்கியவன் கல்யாண மண்டபம் கட்டுவான். இன்ஜினைப் பற்றி யாராவது கேட்டால், "சுழி சுத்தமா இருக்குதுங்க, அப்பறமென்ன?" என்று பதில் வந்தது.

அந்தப் பேட்டைக்குத்தான் திலகமணி கார் வாங்கப் போனாள்.

திலகமணிக்கு நாற்பத்தைந்து வயது. சிறுநீரகம் பழுதானவர்களை வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூருக்கு ஏற்றிப்போய், டயாலிசிஸ் முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவதுதான் அவள் தொழில். ஊரில் ஒரு சீருக்கு, ஒரு காதுகுத்துக்கு அவளை முன்னால் நிற்கவிட மாட்டார்கள். நோய்க்கு மட்டும் அவள் வேண்டும். நோய் எப்படியும் நல்ல காரியம் இல்லை, அதில் அவள் முகத்தில் விழித்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்பது ஊரின் கணக்கு. இதைத் திலகமணி அறிவாள். அறிந்தும் கதவைத் திறந்துவிட்டு, முழங்கையைத் தாங்கி, மெதுவாக உட்காரவைப்பாள்.

எல்லாம் அவள் பிடரியில் இருந்த ஒரு சுழியால் வந்தது. பத்தொன்பது வயதில் பூ வைக்க வந்த, மாமியாராக இருந்தவள், பின்னலில் மல்லிகையைச் செருகும்போது விரலை நிறுத்தினாள். எதற்கும் இருக்கட்டும், தெரிந்தவரைக் கேட்டுவிடலாம் என்று, பக்கத்துத் தோட்டத்தில் காளை பார்க்க வந்திருந்த பொங்கியண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார். கிடேரியின் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்து, குனிய வைத்து, மயிரை விலக்கிப் பார்த்து, "பாடைச்சுழி. வந்த வூட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனார். வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வாசலில் பூத்தட்டு ஏறவில்லை. திலகமணி அப்பாவின் வாடகைக் காரை ஓட்டக் கற்றுக்கொண்டாள். பின்னலை இறுக்கமாகத் தாழப் பின்னிப் பிடரியை மூடிக்கொண்டாள். அந்தப் பொங்கியண்ணனுக்கே சிறுநீரகம் போனபோது அவரையும் செவ்வாய் வெள்ளிகளில் ஏற்றிப்போனாள். பின் சீட்டில் அவர், முன் சீட்டில் அவள். அந்தக் காலையைப் பற்றி இரண்டு பேரும் பேசியதே இல்லை.

முடி முளைத்த மறு வருஷம், அவளுடைய பழைய வண்டி புரட்டாசியில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வேறு வண்டி வேண்டும், அதுவும் நம்பகமான வண்டி வேண்டும். மற்றவர்கள் வண்டி நடுவழியில் நின்றால் கல்யாணத்துக்கு லேட்டாகும். இவள் வண்டி நின்றால் உள்ளே இருக்கிறவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். இருந்த சேமிப்புக்கு ஒரே ஒரு தடவைதான் வாங்க முடியும். தப்பாக வாங்கிவிட்டால் தொழிலும் போகும், ஓர் உயிரும் கூடப் போகலாம்.

பேட்டையில் ஒரே ஐரோப்பாக் கம்பெனியின் டீசல் கார்கள் இரண்டு நின்றன. ஒன்று வெள்ளை, மீட்டரில் கொஞ்ச தூரம்தான் ஓடியிருந்தது, பானட்டின் நட்டநடுவில் சந்தனப்பொட்டு வைத்தாற்போல ராஜசுழி. அதைச் சுற்றிக் கூட்டம். இன்னொன்று சாம்பல் நிற மயிலை, மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது, பானட்டில் நீளவாட்டில் இரண்டு சுழி, குறுக்கே ஒரு வகிடு, பார்த்தால் மூங்கிலில் கட்டிய பாடையேதான். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, நூல் கமிஷன் ஏஜெண்டாக இருந்து இறந்துபோனவரின் மனைவி சௌடம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

திலகமணி மயிலைப் பக்கம் போனதும் பொங்கியண்ணன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே அக்கறைதான், அதுதான் இன்னும் வேதனை.

"அம்மிணி, அந்தப் பக்கம் போகாத. பாடைச்சுழி. சீமைக்காரன் வண்டி, அதுலயும் ஓடித் தேஞ்ச வண்டி. ஸ்பேர் வாங்கியே நீ ஆண்டியாயிருவ. யானையக் கட்டித் தீனி போடற கதை."

"ஓடுன வண்டிதானுங்க மாமா. எப்படி ஓடுச்சுன்னு பாக்கறேன்."

"சுழியே சொல்லுதே, அதுக்கு மேல என்னத்தப் பாப்ப?"

"சுழி சொன்னத நீங்க கேட்டுட்டீங்க. இன்ஜின் சொல்றத நான் கேட்டுக்கறேன்" என்றாள் திலகமணி. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

அவள் சௌடம்மாளிடம், நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை யாரும் சாவி போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். மறுநாள் வந்து, முதல் வேலையாகப் பாடைச்சுழிக்கு நடுவில் உள்ளங்கையை வைத்தாள். முடிக்கடியில் தகரம் சில்லென்று இருந்தது. சூடு பண்ணி வைத்த வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஸ்டார்ட் ஆகும்; பச்சைத்தண்ணியாக இருக்கிற வண்டி எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் விஷயம். சாவியைத் திருப்பினாள். ஒரே பிடியில் எழுந்தது. புகை வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை. ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். அடியில் கறுப்பு ஆயில்தான் இருந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மினுங்கவில்லை. ரேடியோவை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஊரில் உள்ள வேகத்தடை அத்தனையிலும் ஏற்றி இறக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஏசியைப் போட்டுக்கொண்டு மலைக்கோயில் மேட்டில் ஏற்றினாள். பாதி மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுத்தாள். இறங்கி வந்து, இன்ஜினை ஓடவிட்டபடியே சூட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு, ஒரு டீயை நிதானமாகக் குடித்தாள். முள் நடுவிலேயே நின்றது. வண்டிக்கடியில் விரித்த பழைய பேப்பரில் பொட்டு ஆயில் இல்லை.

 எல்லாம் முடிந்த பிறகு சௌடம்மாளே வண்டியின் குறையைச் சொல்லத் தொடங்கினார்.

"பொறத்தாண்ட வலது கண்ணாடி எறக்கிட்டா ஏறாது கண்ணு, கையால தூக்கித்தான் உடோணும். ஏசி சித்திரையில பத்தாது. முன்னாடி புஷ்ஷெல்லாம் அடுத்த வருஷம் மாத்தச் சொல்லிக் கேக்கும். டைமிங் பெல்ட் போன ஆடியில மாத்துனோம், நான்தான் கூட உக்காந்திருந்தேன். எங்கூட்டுக்காரரு வாரா வாரம் பெங்களூர் போயிட்டு வருவாரு, நேர் ரோடு. டவுனுக்குள்ள இத ஓட்டவே மாட்டாரு, அதுக்கு ஸ்கூட்டர்."

"வேற குறை இருக்குதுங்களா?"

"அவரு செத்துப்போனாரு. அதையும் இதும் மேல போடறாங்க. தூக்கத்துல போனாரு, எழுபத்தெட்டு வயசு. பாடையிலதான் போனாரு, இல்லேங்கல. ராஜசுழிக்காரன் என்ன பல்லக்குலயா போவான்?"

திலகமணிக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துப்போயிற்று. நல்லதை மட்டும் சொல்லி விற்கிறவனிடம் வாங்குவதைவிடக் குறையைச் சொல்லி விற்கிறவளிடம் வாங்குவது மேல். மூன்று லட்சம் ஓடியதை மறைக்காத வண்டி, வேறு எதையும் மறைக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளை வண்டியையும் போய்ப் பார்த்தாள். மீட்டர் பச்சைப்பிள்ளை என்றது. பிரேக் பெடலின் ரப்பரோ தேய்ந்து மொழுக்கென்று இருந்தது, ஸ்டியரிங்கில் கை படுகிற இடம் பளபளத்தது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் திரட்டுப்பால் அப்பியது போல வெளுப்பு. தண்ணீரும் ஆயிலும் உள்ளே எங்கேயோ கலக்கிறது என்று அர்த்தம். அந்த வெள்ளையை விலை பேசிக்கொண்டிருந்தவன் பொங்கியண்ணனின் அக்கா மகன் தாமோதரன். அவனிடம் சொன்னாள்.

"அக்கா, உங்க சுழி சரியில்லீங்கறதுக்கு எம்பட வண்டிய மோந்து பாக்காதீங்" என்று அவன் சிரித்தான். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். ராஜசுழியின் ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி பட்ட பொசுங்கல் வாசம் லேசாக வந்தது. சிரிக்காமல் நின்ற திலகமணியின் மூக்கு மட்டும் அதைக் கண்டுகொண்டது.

அவள் மயிலையை வாங்கினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாடைச்சுழிக்காரி பாடைச்சுழி வண்டியைப் பிடித்துவிட்டாள், ஜாடிக்கேத்த மூடி என்றார்கள். நாவிதர் ஒருவர் நல்லெண்ணத்தோடு வந்து, பானட்டை மட்டும் மழித்துவிடுகிறேன், மறுபடி முளைக்கிறதுக்குள் ஊர் மறந்துவிடும் என்றார். மீட்டர் கடைக்காரன் வந்து, ஒரு சூட்டில் விரிசுழியாக்கித் தருகிறேன் என்றான். திலகமணி இரண்டு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, சீப்பை எடுத்து, விளக்கெண்ணெய் தொட்டு, பாடைச்சுழியை இன்னும் தெளிவாகத் தெரியும்படி வாரிவிட்டாள்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை யாரும் அவள் வண்டியில் ஏறவில்லை. தாமோதரன் ராஜசுழியில் ஆஸ்பத்திரி வாடகை ஓட்டத் தொடங்கியிருந்தான், எல்லாரும் அதில் போனார்கள், பொங்கியண்ணனே முன் சீட்டில் போனார்.

திலகமணி அழுதாள்; ஒரு நாள் முழுக்க அழுதாள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வழக்கமான நேரத்துக்கு வண்டியை எடுத்து, வழக்கமாக நிற்கிற ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒரு தடவை ஹாரன் அடித்து, யாரும் வராவிட்டால் நகர்ந்து, வெறும் வண்டியாகவே கோயமுத்தூர் போய், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, வெறும் வண்டியாகவே திரும்பி வந்தாள். அடுத்த செவ்வாயும் அப்படியே போனாள். மழையிலும் போனாள், மார்கழிப் பனியிலும் போனாள், சுழியைப் பார்த்துவிட்டுக் கோலத்தைப் பாதியில் விட்டு உள்ளே ஓடிய பெண்களின் வாசலிலும் நின்று ஹாரன் அடித்துவிட்டே போனாள். மற்ற நாட்களில் நூல் மூட்டை ஏற்றி டீசலுக்குச் சம்பாதித்தாள். பைத்தியம் என்றார்கள். வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. நிற்காத வண்டியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாததால் ஊர் அதைப் பற்றிப் பேசவில்லை.

தை பிறந்து சில வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அவிநாசி ரோட்டோரத்தில் ராஜசுழி நின்றிருந்தது. பானட் திறந்திருந்தது, ஆவி குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது. தாமோதரன் குடிதண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் சுற்றிவந்தான். சவாரி வந்த இரண்டு பேர் கைகாட்டினார்கள். திலகமணி நிறுத்தியதும் அவர்கள் சுழியைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார்கள், ஏறிவிட்டார்கள். பொங்கியண்ணன் மட்டும் மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது, கால் செருப்புக்குள் அடங்கவில்லை, மூச்சு மேலும் கீழும் இழுத்தது. கோயமுத்தூரிலிருந்து வேறு வண்டி வரும்வரை உடம்பு தாங்காது என்பது அவருக்கும் தெரிந்தது.

அவர் மெதுவாக எழுந்து மயிலையிடம் வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, பாடைச்சுழி மறையும்படி பானட்டின் மேல் விரித்தார். சந்தையில் விலை பேசும்போது விரிக்கிற அதே துண்டு.

"இப்படியே இருக்கட்டும் அம்மிணி. ஆஸ்பத்திரி வரைக்கும்."

திலகமணி இறங்கி வந்தாள். துண்டை எடுத்து, மடித்து, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"துண்டுக்கடியில பேசற வேவாரம் எனக்கு வேண்டாமுங்க மாமா. சுழியப் பாத்துட்டே ஏறுங்க."

"உசுருக்குப் பயமா இருக்குது அம்மிணி."

"எனக்குந்தான் பயம். உங்கள இங்க உட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது, அது உங்களுக்குத் தெரியும். ஆனா மூடிக்கிட்டு ஓட்ட மாட்டேன். ஒருக்கா மூடுனதே போதும்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்று, இருபத்தாறு வருஷமாகத் தாழப் பின்னிய பின்னலைக் கையில் சுற்றி, தூக்கி, உச்சிக்குக் கீழே கொண்டையாக முடிந்தாள். பிடரியில் காற்றுப் பட்டது. அந்த இடத்தில் காற்றுப் பட்டு எத்தனை காலமாகிறது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முழங்கையைத் தாங்கினாள். பொங்கியண்ணன் பானட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பின் சீட்டில் ஏறினார்.

வழி முழுக்க அவருக்கு முன்னால் இரண்டு சுழிகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டியின் பாடைச்சுழி, இந்தப் பக்கம் அவர் கையால் மயிரை விலக்கிப் பேர் வைத்த பாடைச்சுழி. வேறு எங்கேயும் பார்க்க இடமில்லை. வலதுபக்கக் கண்ணாடி ஏறாமல் காற்று வீசிக்கொண்டே இருந்தது. திலகமணி வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூன்று லட்சம் ஓடிய இன்ஜின் நேர் ரோட்டைக் கண்ட சந்தோஷத்தில் சீராகப் போயிற்று. டயாலிசிஸ் முடிந்து, மூச்சு இறங்கி, சாயங்காலம் அதே வண்டியில் அவர் வீடு திரும்பினார்.

அதோடு ஊர் சும்மா இருந்திருந்தால் அது ஊரே இல்லை. தரகர்கள் கூடிப் பேசினார்கள். சுழி பொய் சொல்லாது, நாம்தான் அர்த்தத்தைத் தப்பாகப் படித்துவிட்டோம், ஆஸ்பத்திரி வண்டிக்குப் பாடைச்சுழிதான் ராசி, அது சாவைத் தான் சுமந்துகொண்டு ஆளை விட்டுவிடும் என்று முடிவாயிற்று. மறு சந்தைக்குள் மீட்டர் கடைகளில் ராஜசுழியை அழித்துப் பாடைச்சுழி போடக் கூட்டம் அலைமோதியது. தாமோதரன் முதல் ஆளாகப் போய் நின்றான். அவன் ஆயில் மூடிக்கடியில் திரட்டுப்பால் அப்படியே இருந்தது. திலகமணியின் வாசலுக்குத் தரகர்கள் மாலையும் குங்குமமும் கொண்டுவந்தார்கள். முன்னால் பொங்கியண்ணன்.

"ராசியான சுழி அம்மிணி. வண்டிக்கும் சரி, உனக்கும் சரி. நாஞ் சொல்றேன்" என்று மாலையைப் பானட்டில் போடப் போனார்.

திலகமணி குறுக்கே நின்றாள்.

"வேண்டாமுங்க."

"நல்ல வார்த்தைதான சொல்றோம்?"

"அன்னிக்கும் சுழியத்தான் பாத்தீங்க, இன்னிக்கும் சுழியத்தான் பாக்கறீங்க. கெட்டதுன்னு சொன்னப்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, நல்லதுன்னு சொல்றப்பவும் கேக்கல. அது முடி மாமா. முடி அப்படி மொளச்சிருக்குது. வண்டி ஓடறது ஆயில் மாத்தறதால, தண்ணி பாக்கறதால, அந்த அம்மா பெல்ட்ட நேரத்துக்கு மாத்தி வெச்சதால. எனக்கு ராசியும் வேண்டாம், மாலையும் வேண்டாம். ஏறணும்னா ஏறுங்க, செவ்வாக்கெழமை காலைல வருவேன்."

மாலையை அவர்கள் போகிற வழியில் மாகாளியம்மனுக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். திமிர் பிடித்தவள் என்றார்கள். திமிர்தான், அவளுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் கொண்டை போட்டுக்கொண்டு போனாள். எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள். பொங்கியண்ணன் கடைசியாக ஏறி, நடுவில் உட்கார்ந்தார். ஊர் தாண்டி, மேம்பாலம் தாண்டி, அவிநாசி ரோட்டில் அந்த மைல்கல்லையும் வண்டி தாண்டியது. அவர் முன்னால் தெரிந்த பிடரியைப் பார்த்தபடி, "அம்மிணி" என்றார்.

"என்னங்க மாமா?"

அவர் தோள் துண்டை எடுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆயில் மாத்திட்டியா?"

"மாத்திட்டேனுங்க" என்றாள் திலகமணி.